சம்பந்தியம்மாள் அணு உலை பார்க்கப் போனது

1

சதுரங்கப்பட்டினத்திலிருந்து என் தங்கை போன வாரம் போன் செய்தாள். மகள் கமலாவுக்கு வரன் வந்திருக்கிறதாம். பையன் நல்ல பையன், குடும்பமும் நல்ல குடும்பம். வேலை மட்டும் அணுமின் நிலையத்தில்.

"அக்கா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பொறக்குற புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமாம். உன் பொண்ணும் அந்த மாதிரி எடத்துலதானே வேலை பாக்குறா? நீ என்ன சொல்றே?"

எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் வராது என்பது வேறு விஷயம். நான் தொண்டையைச் சரிசெய்து கொண்டு ஆரம்பிப்பதற்குள் அங்கே காசு தீர்ந்து லைன் போய்விட்டது. அதனால் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, இது கமலாவின் அம்மாவுக்கு மட்டும் சொல்கிற சமாசாரம் இல்லை, ஊரில் இன்னும் பல வீடுகளில் இதே யோசனை இருக்கும் என்று தோன்றியது. பத்திரிகைக்கே அனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் திருத்திக் கொள்ளுங்கள்.

நான் கல்யாணமாகி மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்து, பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, இங்கேயே தங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டோரில் கிளார்க். ரயில்வே குவாட்டர்ஸில்தான் வெகுகாலம் குடியிருந்தோம். இப்போது அந்த இடத்தையெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பெரிய ஸ்டேஷன் வரப்போகிறதாம். காலையில் பூக்கடைக்குப் போவதென்றால்கூட லோரிகளுக்கு நடுவில் புகுந்துதான் போக வேண்டும். இத்தனை வருஷமாகியும் என் ஐசி, அதாவது அடையாள அட்டை, இன்னும் சிவப்புதான்; குடிமக்களுக்குத்தான் நீலம். நீலத்துக்கு எழுதிப் போட்டு, இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டு, அந்த அதிகாரி மலாயில் கேட்டதற்கு நான் பயத்தில் எல்லாவற்றுக்கும் "யா" என்று தலையாட்டினேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். அப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

2

என் ஒரே மகள் புவனா. தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம், அதற்குமேல் எல்லாம் மலாயில் படித்தாள். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தாள். அவளோடு சமையல் விஷயம் பேசினால் தமிழில் பதில் வரும். படிப்பு விஷயம் பேசினால் மலாயும் இங்கிலீஷும் கலந்து வரும். கொஞ்சம் கொஞ்சமாக அவள் என்னிடம் சொல்கிற விஷயமே குறைந்துபோனது. சொல்லிப் புரியவைக்க அவளிடம் தமிழ் இல்லை, கேட்டுப் புரிந்துகொள்ள என்னிடம் மலாய் இல்லை. வீட்டில் இரண்டு பேரும் இருந்தும் வீடு அமைதியாக இருக்கும்.

படிப்பு முடிந்ததும் பாங்கி என்ற ஊரில் இருக்கிற அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. மின்சாரம் எடுக்கிற இடம் இல்லை அது. சின்ன உலை, படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வைத்திருப்பது. ஆஸ்பத்திரிக்கு மருந்து, ரப்பர் ஆராய்ச்சி, இப்படிப் பல வேலை. எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. அணு என்றால் குண்டு. அவ்வளவுதான் தெரியும்.

ஆனால் ஒன்று பார்த்திருந்தேன். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நான் ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கடற்கரையில் அணுமின் நிலையம் எழும்பி நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் மொழுக்கென்று பெரிய பெரிய கட்டடங்கள். அதைத் தாண்டி வழக்கம்போல வலை இழுத்துக் கொண்டிருந்தார்கள். தங்கை வீட்டுக்காரர் அங்கே குடியிருப்பில் மளிகைக்கடை போட்டிருந்தார். "பயமா இல்லையாடி?" என்று கேட்டேன். "மொதல்ல இருந்துச்சு. இப்ப கடை பாக்கவே நேரம் பத்தலை" என்றாள். மீன்காரப் பெண் ஒருத்தி மட்டும், "நிலத்தக் குடுத்தது நாங்க, வேலைக்கு வர்றது வெளியூர்க்காரங்க" என்று முகத்தைத் திருப்பிக் கொண்டாள். நல்லதும் கெட்டதும் கலந்துதான் இருந்தது. ஊருக்கு உள்ளது எல்லாமே அப்படித்தானே.

3

ரஷ்யாவில் அணு உலை வெடித்த வருஷம் புவனாவுக்கு வரன் வந்தது. அந்த வருஷம் பார்த்தா வரவேண்டும்.

மாப்பிள்ளை குணசேகரன், கிள்ளானில் பேங்கில் வேலை. பெண்ணும் பையனும் கோயிலில் பார்த்துப் பேசிப் பிடித்துப்போயிருந்தது. அவன் அப்பா மாணிக்கம், மின்நிலையத்தில் கொதிகலனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா அஞ்சலை, ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், முறுக்கு, கச்சான் கடலை வியாபாரம். பம்ப் அடிக்கிற காஸ் விளக்கு வெளிச்சத்தில் நின்று இருபத்தைந்து வருஷமாக வியாபாரம் செய்து ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். குரல் சந்தைக்கு ஏற்ற குரல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்தார்கள். நான் வடை, பாயசத்தோடு சமையல் முடித்து இலை நறுக்கி வைத்திருந்தேன். உங்களுக்குத் தெரியும், சம்மதம் என்றால்தான் பிள்ளை வீட்டார் கை நனைப்பார்கள். இங்கேயும் அந்த வழக்கம் அப்படியே இருக்கிறது. காப்பித் தண்ணியைக்கூட அஞ்சலையக்காள் தொடவில்லை. பேச்சு முடியட்டும் என்று ஓரமாக நகர்த்தி வைத்தார்.

மாணிக்கம் அண்ணன்தான் ஆரம்பித்தார். "ஏம்மா, நீ வேலை செய்ற எடத்துல என்னா, குண்டா செய்றாங்க?"

"குண்டு இல்ல அங்கிள். நீங்க கொதிகலன்ல தண்ணிய சூடாக்குனீங்க இல்ல? பெரிய உலையில அதே வேலைதான். சூடு வர்ற வழி மட்டும் வேற."

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கொண்டார். "சரி, நம்ம நாட்டுக்கு அது எதுக்கு? எண்ணெய் இருக்கு. கேமரன்மலையில தண்ணி இருக்கு. திரங்கானுல காஸு வந்துருச்சி. இனிமே கப்பல்ல நிலக்கரி வேற வரப்போவுது. நாலு அடுப்பு எரியிற வீட்டுக்கு அஞ்சாவது அடுப்பு யாரு கேட்டா?"

"எண்ணெய் ஒருநாள் தீரும் அங்கிள். மழை இல்லாத வருஷம் டேம் என்னாகும்? நிலக்கரிக்காரன் விலைய ஏத்துனா?"

"அப்ப யுரேனியம் என்னா, உங்க தோட்டத்துல காய்க்குதா?"

"இல்ல. ஆனா கொஞ்சூண்டு போதும். ஒரு தடவை வாங்குனா ரொம்ப நாளைக்கு வரும். இன்னிக்கே கட்டுங்கன்னு நான் சொல்லல லா. தெரிஞ்சவங்க நாலு பேரு நாட்டுல இருக்கணும் இல்ல? வேணும்ங்கிற அன்னிக்கு எங்க போயித் தேடுவாங்க?"

குணசேகரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். 

அஞ்சலையக்காள் எழுந்து நின்றார். "போதும்யா உங்க கரண்டுப் பேச்சு. நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். பொண்ண எனக்குப் புடிச்சிருக்கு. வாயும் இருக்கு, அதுவும் புடிச்சிருக்கு. ஆனா அந்த வேலைய விட்டுடணும். டிவியில காட்டுறான், பேப்பர்ல போடுறான். பொறக்குற புள்ளைங்கள நெனச்சா எனக்குத் தூக்கம் வரல. வேலைய விட்டா அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். இல்லன்னா வேணாம்."

புவனா என் பக்கம் திரும்பவில்லை. அக்காளைப் பார்த்தே சொன்னாள். "வேலைய விடமாட்டேன் ஆன்டி."

சொல்லும்போது அவள் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தன. அந்தப் பையனை அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் அந்தப் பக்கம், ஒன்றரை மணி நேரம் இந்தப் பக்கம் போய் வந்து, அலுத்துக்கொள்ளாமல் செய்கிற வேலை அது என்பதும் தெரியும். இரண்டில் ஒன்று இப்போது போகப்போகிறது.

இலை போட்டபடி இருந்தது. அவர்கள் வாசல்வரை போய்விட்டார்கள். நான் எப்படிப் பேசினேன் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

"அக்கா, வீடு பாக்கத்தானே வந்தீங்க? அவ பாதி நாளு இருக்குற வீடு இது. மீதி நாளு இருக்குற எடத்தையும் பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க. நானும் பாத்ததில்ல. எனக்கும் பயந்தான். ஒண்ணாப் போவோம்."

அவர் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு வாய் பேச வராதுன்னு இல்ல சொன்னாங்க?"

மாணிக்கம் அண்ணன் சிரித்தார். "நான் வர்றேன். ஓசியில உலை பாக்க யாரு கூப்புடுவா?"

4

புவனா மேலதிகாரியிடம் கேட்டு அனுமதி வாங்கினாள். ஒரு சனிக்கிழமை காலை மூன்று பேரும் போனோம். அஞ்சலையக்காள் அன்று சாயங்காலம் சந்தைக்குப் போக வேண்டியிருந்ததால், வழியில் கிள்ளானிலேயே சாமான் வாங்கிக்கொண்டு, பெரிய பையோடு வந்திருந்தார்.

வாசலில் காவலர் ஐசியைக் கேட்டார். மற்ற இரண்டும் நீலம். என்னுடையது சிவப்பு. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.  தலையாட்டத் தயாராகிவிட்டேன். அஞ்சலையக்காள் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போனார்.

"மெனந்து சாயா கெர்ஜா சினி" என்றார். என் மருமகள் இங்கே வேலை செய்கிறாள் என்று அர்த்தம். காவலர் சிரித்துக்கொண்டே மூன்று பாஸைக் கொடுத்தார்.

நான் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தேன். அக்காள் அதைக் கவனித்துவிட்டார். "உள்ள போறதுக்குச் சொன்னேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார்.

உலை இருக்கிற கட்டடத்தின் கதவருகில் ஒரு கோடு போட்டிருந்தது. அதைக் கண்டதும் நாங்கள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றோம். ஓர் அதிகாரி ஓடி வந்தார். "மக்சிக், செருப்புப் போட வேண்டும், அதற்கு மேல் இந்த உறையும் போட வேண்டும்" என்றார், மக்சிக் என்றால் மலாயில் பெரியம்மா. அவரும் புவனாவும் சிரிப்பை அடக்கினார்கள். "பெரிய எடத்துக்குள்ள செருப்போட போறதாவது" என்று அக்காள் முணுமுணுத்துக்கொண்டே உறையை மாட்டினார். கையில் வைத்திருந்த பையைக் கதவுக்கு வெளியே மேசையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தார்.

இரும்புப் படியேறி மேலே போனோம். கிணறு மாதிரி ஆழமான தொட்டி. தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் கிடப்பதெல்லாம் தெரிந்தது. அங்கே அடியில் ஒரு நீல வெளிச்சம். நெருப்பு மாதிரி ஆடவில்லை, விளக்கு மாதிரி கண்ணைக் கூசவில்லை. தண்ணீருக்கே அந்த நிறம் வந்தது மாதிரி இருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மகள் தினம் இதைப் பார்க்கிறாள், வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்ல வார்த்தை இல்லாமல் சும்மா இருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"இவ்ளோ தண்ணி எதுக்கு?" என்று மாணிக்கம் அண்ணன் கேட்டார்.

"தடுக்கத்தான் அங்கிள். மேல நம்மகிட்ட வரவிடாம இந்தத் தண்ணி பாத்துக்குது."

"புகை எங்க போவுது?"

"புகையே இல்ல."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். "முப்பது வருஷம் புகையத் தின்னுருக்கேன்" என்றார், யாருக்கோ சொல்வது மாதிரி.

அஞ்சலையக்காள் மட்டும் சுவரோரமாகவே நின்றார். "பாத்தாச்சு. எறங்கலாம்" என்றார். முகம் மாறவில்லை.  காரியம் கெட்டது என்றே முடிவுகட்டிவிட்டேன்.

5

வெளியே வரும் இடத்தில் ஒரு கருவியில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். எனக்குப் பச்சை விளக்கு. மாணிக்கம் அண்ணனுக்கும் பச்சை. அஞ்சலையக்காள் கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தார். பச்சை. பெருமூச்சு விட்டுவிட்டு மேசையிலிருந்த தன் பையை எடுக்கப் போனார். அங்கே அந்த அதிகாரி வேறொரு கைக்கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார். அது பையின் பக்கம் போனதும் டிக்டிக்கென்று கத்த ஆரம்பித்தது.

அக்காள் பையைப் போட்டுவிட்டுப் பின்னால் குதித்தார். "நான் சொன்னேன் இல்ல? ஒட்டிக்கிச்சு. என் பையில ஒட்டிக்கிச்சு."

"பை உள்ளயே வரல ஆன்டி" என்றாள் புவனா. அவள் குரலில் பயம் இல்லை. கருவியை வாங்கிக்கொண்டு, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். வெற்றிலைப் பொட்டலம், சத்தம் இல்லை. துண்டு, சத்தம் இல்லை. கடலைமாவு, சத்தம் இல்லை. கடைசியில் சின்னச் சின்ன உறைகளாக ஒரு கட்டு வந்தது. கருவி மறுபடியும் கத்தியது.

"இது என்னா ஆன்டி?"

"அது நம்ம விளக்குக்குப் போடுற மேண்டில். காலையிலதான் கிள்ளான் கடையில வாங்குனேன்."

காஸ் விளக்கில் வலை மாதிரி கட்டுவோமே, அதுதான். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் நம் ஊரில் பெட்ரோமாக்ஸுக்குக் கட்டுவது.

புவனா சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னாள். "வெளிச்சம் வெள்ளையா வரணும்னு இந்தத் துணியில தோரியம்னு ஒரு உப்பைத் தோய்ச்சிருப்பாங்க. அதுவும் அணு சமாசாரந்தான். எங்க உலையில இருக்குறதோட ஒண்ணுவிட்ட தம்பி."

அக்காள் மேசையைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். "இருபத்தஞ்சு வருஷமா நான் இத கையால கட்டுறேன்."

"தெரியும் ஆன்டி. ரொம்பக் கொஞ்சந்தான், பயப்பட வேணாம். எரிஞ்சு உதிர்ற சாம்பலை மட்டும் வாயால ஊதாதீங்க. கட்டுன கைய கழுவிடுங்க. அதத்தான் நாங்களும் இங்க செய்றோம். என்னா இருக்கு, எவ்ளோ இருக்குன்னு அளந்து வச்சுக்கிட்டு வேலை செய்றோம். உங்க சந்தையில அளக்க ஆளில்ல, அவ்ளோதான்."

மாணிக்கம் அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்தார். "ஏய் அஞ்சல, குணா வயித்துல இருந்தப்பகூட நீ சந்தைக்குப் போனவளாச்சே. அணு வேலை செய்ற பொம்பள வேணாம்னா, மொதல்ல உன்னையில்ல நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கணும்?"

"நீ வாய மூடுய்யா" என்றார் அக்காள். ஆனால் உதடு துடித்தது. அடுத்த நிமிஷம் அந்தச் சந்தைக் குரலில் சிரித்தார் பாருங்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புவனாவிடம் கேட்டார். "எனக்கு ஒண்ணு சொல்லு. புள்ள உண்டானா இவங்க என்னா செய்வாங்க?"

"சொன்ன அன்னிக்கே உலைப் பக்கம் போகக்கூடாதுன்னு வேற வேலைக்கு மாத்திடுவாங்க ஆன்டி. அதுக்குச் சட்டமே இருக்கு."

"சட்டமே இருக்கா?"

"இருக்கு."

"சந்தையில எனக்கு எவன் அப்படிச் சொன்னான்" என்றார் அக்காள்.  அப்புறம் சுற்றும் முற்றும் பார்த்தார். "இங்க சாப்பாட்டுக் கடை இருக்கா?"

கேண்டீன் இருந்தது. கை கழுவுகிற இடத்துக்கு நேராகப் போனார். இரண்டு கையையும் முழங்கைவரை கழுவினார். சோறும் கறியும் வாங்கித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"உக்காருங்க சம்பந்தியம்மா. மொதல்ல நான் கை நனைச்சாத்தானே நீங்க நனைக்கணும்?"

நான் ஓடிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.  புவனா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். "அழுவாத, சோத்துல உப்பு கூடிடும்" என்றார் அக்காள்.

6

கல்யாணம் கிள்ளானில் நடந்தது. வேலையும் நடக்கிறது. இரண்டு பிள்ளைகள், இரண்டும் அவள் வேலையிலிருந்தபடியே பெற்றவை. சின்னவள் என்னிடம் தமிழில் பேசுவதே இல்லை. அது வேறு கவலை, அதற்கு அணுவைக் குறை சொல்ல முடியாது.

அரசாங்கம் இதுவரை அணுமின் நிலையம் கட்டவில்லை. காஸ் போதும் என்று இருக்கிறார்கள். போன வருஷம் ஒரு நாள் தீபகற்பம் முழுவதும் கரண்ட் போய், லிஃப்டில் மாட்டியவர்களும் சாலை விளக்கில்லாமல் திண்டாடியவர்களுமாக எல்லாரும் கதிகலங்கிவிட்டார்கள். அதிலிருந்து ஜனங்களுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றியிருக்கிறது. இந்தப் பொங்கலுக்குக் கிள்ளான் மண்டபத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். நாட்டுக்கு அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பது தலைப்பு. வேண்டும் என்று புவனா. வேண்டாம் என்று அவள் மாமனார் மாணிக்கம்.

அதற்கு முன் மூன்று மாதமாகப் புவனா என்னிடம் வந்து உட்கார்ந்து தமிழ் கேட்டாள். இதற்கு என்ன சொல்லும்மா, அதற்கு என்ன சொல்லும்மா என்று. அவள் தெரிந்த அரைகுறைத் தமிழில் விளக்குவாள், நான் எனக்குத் தெரிந்த வார்த்தையைக் கொடுப்பேன். அவள் வேலை என்ன என்று எனக்கு முழுசாகப் புரிந்ததே இந்த மூன்று மாதத்தில்தான்.

மாணிக்கம் அண்ணன் நன்றாகவே பேசினார். "எரிச்ச மிச்சத்த எங்கம்மா வைப்ப? உன் பேரன் பேத்தி காலம்வரைக்கும் காவல் காக்கணுமாமே" என்று கேட்டார். மண்டபம் கைதட்டியது. புவனா எழுந்தாள்.

"மாமா கேட்டது சரியான கேள்வி. அதுதான் இருக்குறதுலயே கஷ்டமான கேள்வி. அதுக்குப் பதில் தெரிஞ்சவங்க வேணும்னா அந்த வேலைய விடாம செய்யணும். அணு ஒண்ணே போதும்னு நான் சொல்லல. தேர் வடத்த ஒரே ஆளா இழுக்குறாங்க? தண்ணி ஒரு கை, காஸ் ஒரு கை, கரி ஒரு கை. ஒருத்தன் கை சோர்ந்தா தேர் நிக்கக்கூடாது. அதுக்கு இன்னொரு கையும் இருக்கட்டும்னு சொல்றேன்."

எனக்கு முன்வரிசையில் அவர்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் குனிந்தாள். "மாமனாரை எதுத்து மேடையில பேசுறா பாரு. வீட்டுல எப்படி இருப்பாளோ."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலையக்காள் அவள் தோளைத் தட்டினார். "வீட்டுலயும் இப்படித்தான் பேசுவா. இந்த மனுசனுக்குப் பதில் சொல்லி நான் நாப்பது வருஷமா தனியாப் போராடிக்கிட்டு இருந்தேன். இப்பதான் எனக்குத் துணைக்கு ஆளு வந்திருக்கு. நீ முன்னால பாத்து உக்காரு."

நடுவர் இப்போதைக்கு வேண்டாம் என்றே தீர்ப்புச் சொன்னார். மாணிக்கம் அண்ணன் வெற்றி பெற்ற முகத்தோடு மருமகளுக்கு வணக்கம் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

தங்கச்சி, பையன் நல்லவனாக இருந்தால் கமலாவைக் கொடு. அவன் வேலை செய்யும் இடத்தை ஒருமுறை நீயே நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடு. அவ்வளவுதான் என் யோசனை.

அன்றைக்குப் பட்டிமன்றத்தில் தீர்ப்பு எதிராக வந்ததும் மண்டபத்தில் பாதிப்பேர் எழுந்து போக ஆரம்பித்தார்கள். நான் கை தட்டினேன். தோற்றதற்கு யார் தட்டுவது என்று நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் புவனா மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்து சேருகிறவரை தட்டிக்கொண்டே இருந்தேன்.